ஜப்பானிய எழுத்தும் தமிழ் மாத்திரையும்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் மற்றொரு மொழியின் கைபிடித்தே அதனிடம் செல்கின்றனர். அவ்வாறு அழைத்துச் செல்லும் மொழி தன் கண்ணால் கண்டதையே காட்டும். தன் செவியில் விழாததைக் கூறாது. தமிழர் ஜப்பானிய மொழியையும் இலக்கியத்தையும் அறிந்துவந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1916ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'மாடர்ன் ரிவியூ' என்னும் ஆங்கில இதழில் ஜப்பானியப் புலவர் நோகுச்சி எழுதியது அதற்குத் தூண்டுகோலாயிற்று. சில சொற்களில் பெரும்பொருளை அடக்கும் ஜப்பானியக் கவிதையின் திறத்தைப் பாரதியார் உடனே உணர்ந்துகொண்டார். கவிஞரின் உள்ளம் கவிஞரின் உள்ளத்தைக் கண்டுகொள்வதற்கு இடையில் நின்ற ஆங்கிலம் தடையாகவில்லை. ஆயினும் ஒலி, எழுத்து, யாப்பு என்னும் நுட்பங்களில் அந்த இடைமொழி செய்த மாற்றம் சிறிதன்று. அம்மாற்றம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தமிழ்த் திறனாய்விலே தங்கியிருக்கிறது. ஜப்பானியக் குறும்பாவை 'ஹைக்கூ' என்று நெட்டெழுத்தால் எழுதுவதும், அது 'ஐந்து, ஏழு, ஐந்து அசைகளால் ஆகியது' என்று இலக்கணம் கூறுவதும் அவ்வழி வந்தவையே.

இவ்விரு பிழையையும் ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தொடங்கும் ஒரு தமிழ் மாணாக்கன் முதல் வாரத்திலேயே கண்டுகொள்ள முடியும். அதற்கு வேண்டுவது தமிழ்ப்பள்ளியிற் கற்ற எழுத்திலக்கணத்தை மறவாமல் உடன்கொண்டு செல்லுதல் ஒன்றே.

இருமுறை வந்த எழுத்து

பேரா மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையின் அடியில் அமைந்த ஊர் தாப்பா. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் இருந்த இப்பகுதித் தமிழரிடம் ஜப்பானிய எழுத்து இருமுறை வந்தது.

முதன்முறை அது படையோடு வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தொடங்கி 1942 சனவரி 2ஆம் நாள் வரை வடக்கே கம்பாரிற் போர் நடந்தது. சனவரி 7ஆம் நாள் தெற்கே சிலிம் ரிவரில் ஆங்கிலேயரின் அணி உடைந்தது. இரண்டிற்கும் இடையே உள்ளது தாப்பா. பின்னர்ப் பள்ளிகள் திறக்கப்பட்டபோது 'நிப்பொன்-கோ' என்னும் ஜப்பானியம் பாடமாக வைக்கப்பட்டது. ஆசிரியரே அவசரப் பயிற்சி பெற்று, தாம் முந்திய நாள் கற்றதை மறுநாள் பிள்ளைகட்குக் கற்பிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. எழுத்து மனப்பாடமாயிற்று, பாட்டு மனப்பாடமாயிற்று, கிழக்கு நோக்கி வணங்குதலும் பாடத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மீளாதார் பலர். ஆகவே 1945இல் ஆட்சி வீழ்ந்தபோது எழுத்தும் உடன் மறக்கப்பட்டதில் வியப்பில்லை. அச்சத்தாற் கற்றது அச்சம் நீங்கியதும் நீங்கிற்று. அந்த எழுத்தைப் பின்னாளில் காணவும் விரும்பாத முதியோரை எவரும் குறை கூறுதல் இயலாது.

இரண்டாம் முறை அது வாய்ப்பாக வந்தது. 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். மாணவர் ஜப்பானியப் பல்கலைக்கழகங்கட்கு அனுப்பப்பட்டனர். அதற்கான ஆயத்த வகுப்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டிலே தொடங்கிற்று. இருந்து படிக்கும் உண்டுறைப் பள்ளிகள் சிலவற்றிலும் 1984 முதல் ஜப்பானியம் பாடமாயிற்று.

இவ்விரு வருகைக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் தமிழ் வழிகாட்டியாக நிற்கவில்லை. முதலாவதில் விளக்கமே இல்லை. கட்டளை மட்டும் இருந்தது. இரண்டாவதில் விளக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தது; ஒலிகள் உரோமன் எழுத்தில் வந்தன. தாப்பாவில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிற் பயின்ற ஒரு மாணாக்கன், பிற்காலத்தில் ஜப்பானிய வகுப்புக்குச் செல்லும்போது, குறில் நெடிலையும் வேற்றுமையையும் எச்சத்தையும் வாயிலில் விட்டுவிட்டே உள்ளே போகிறான். விட்டுச்செல்லும் பொருளின் மதிப்பு எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

வரிசையில் ஒரு வியப்பு

ஜப்பானியர் மூவகை எழுத்தைக் கலந்து எழுதுவர். ஹிரகன, கதகன என்னும் இரண்டும் ஒலியெழுத்துக்கள். இவ்விரு பெயரிலும் எல்லா உயிரும் குறிலே. மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்தாகிய கஞ்ஜி. ஒலியெழுத்து ஒவ்வொரு வகையிலும் அடிப்படையாக 46 உண்டு.

அவற்றை அடுக்கும் முறைக்கு 'ஐம்பது ஒலி' என்று பெயர். முதலில் உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. பின்னர் உயிர்மெய் வரிசைகள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இவற்றுள் ஹகர வரிசை பண்டைக்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது ஜப்பானிய மொழிநூலார் துணிபு. அவ்வாறு பகரத்தை வைத்துப் படித்தால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்றாகும். தமிழ் நெடுங்கணக்கில் ஜப்பானியத்துக்கு இல்லாத ஒலிகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை வரிசை மாற்றாமல் எழுதினால் வருவதும் இதுவே. ஆங்கில வழியிற் கற்பவனுக்கு இவ்வரிசை காரணமற்ற ஓர் அடுக்கு. தமிழ் மாணாக்கனுக்கோ ஐந்து வயதில் மணலிலோ பலகையிலோ எழுதிய அதே அடுக்கு.

இது தமிழ் சென்று தந்த கொடை என்று மகிழ்தல் பிழை. பௌத்தத் துறவியர் வடமொழி மந்திரங்களை ஓதுதற்பொருட்டுச் 'சித்தம்' என்னும் இந்திய எழுத்து முறையைச் சீனத்தின் வழியே ஜப்பானுக்குக் கொண்டுசென்றனர். 804ஆம் ஆண்டில் சீனம் சென்று 806இல் மீண்ட கூக்காய் என்னும் துறவி அக்கல்வியிற் சிறந்தவர். அக்கல்வியின் பயனாகப் பிறப்பிடமும் முயற்சியும் நோக்கி ஒலிகளை அடுக்கும் இந்திய முறை ஜப்பானிய எழுத்துக்கும் அமைந்தது. தமிழ் நெடுங்கணக்கும் அதே முறையில் அமைந்ததாதலின் இரண்டும் ஒத்திருக்கின்றன. காரணம் எதுவாயினும், கற்பவனுக்குக் கிடைக்கும் ஊதியம் குறையாது. அகராதியைப் புரட்டும் திறம் அவனுக்கு முதல் நாளிலேயே பாதி கைவருகிறது.

ஆனால் வரிசை ஒத்திருத்தலால் வடிவமும் ஒத்திருக்கும் என எண்ணலாகாது. தமிழில் ககர வடிவோடு ஒரு குறி சேர்ந்தால் கி, கு, கெ எனப் பிறக்கும். ஜப்பானியத்தில் க என்பதற்கும் கி என்பதற்கும் வடிவால் எத்தொடர்பும் இல்லை. நாற்பத்தாறு வடிவையும் தனித்தனியே நெஞ்சில் இருத்தல் வேண்டும். தகர வரிசையில் தி, து என்னும் இடங்களில் முறையே சி, த்ஸு என்பவற்றை ஒத்த ஒலிகள் வருதலும் குறித்துக்கொள்ளத்தக்கது.

வரிசையின் இறுதியில் தனித்து நிற்பது 'ன்' என்னும் ஒற்று ஒன்று. இது சொல்லுக்கு முதலாகாது. ஜப்பானியச் சிறுவர் 'ஷிரிதொரி' என்றொரு சொல்விளையாட்டு ஆடுவர். ஒருவர் கூறிய சொல்லின் ஈற்றெழுத்தே அடுத்தவர் சொல்லுக்கு முதலெழுத்தாதல் வேண்டும். 'ன்' ஈற்றுச் சொல்லைக் கூறியவர் தோற்றார். அதனை முதலாகக் கொண்ட சொல் இல்லையாதலின். அந்தாதித் தொடையும் மொழிமுதல் எழுத்தின் வரையறையும் கற்ற தமிழ்ச் சிறுவனுக்கு இவ்விளையாட்டை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

தாப்பாவுக்கு எத்தனை ஒலி?

எழுத்தை அறிந்தபின் வருவது ஒலியின் அளவு. இங்கேதான் தமிழிலக்கணத்தின் உதவி பெரிது. ஆங்கிலத்தின் வழிகாட்டுதல் தவறிப்போவதும் இங்கேயே.

ஜப்பானியர் செவி ஒலியைத் தட்டுக்களாக எண்ணும். அத்தட்டுக்கு மொழிநூலார் இட்ட பெயர் 'ஹகு'. குறில் ஒரு தட்டு. நெடில் இரண்டு தட்டு. தனி ஒற்றாகிய 'ன்' ஒரு தட்டு. இரட்டித்த வல்லினத்தின் முன்பாதியும் ஒரு தட்டு. ஆசிரியர் என்னும் பொருள்படும் 'சென்செஇ' என்ற சொல் செ-ன்-செ-இ என நான்கு தட்டுப் பெறும். பள்ளி என்னும் பொருளுடைய 'கக்கோ' க-க்-கொ-ஒ என நான்கு. 'நிப்பொன்' நி-ப்-பொ-ன் என நான்கு.

தாப்பா என்னும் ஊர்ப்பெயரைத் தமிழர் ஒலிக்கின்றவாறே ஜப்பானிய எழுத்தில் எழுதினால் த-அ-ப்-ப-அ என ஐந்து தட்டாகும். அதனையே ஆங்கில முறையில் எண்ணினால் இரண்டு. தமிழ் அசையால் அலகிட்டால் தாப்-பா, நேர் நேர், தேமா, இதுவும் இரண்டே. 'சென்செஇ' என்பதை ஒலிக்குமாறு 'சென்சே' என எழுதி அலகிட்டாலும் தேமாவே. ஆகவே ஐந்து தட்டுச் சொல்லையும் நான்கு தட்டுச் சொல்லையும் அசை வேறுபடுத்திக் காட்ட மாட்டாது. மாத்திரையால் அளந்தால் தாப்பா நாலரை, நிப்பொன் மூன்று. ஜப்பானிய எண்ணிக்கைக்கு மாத்திரை நெருங்கி வருகிறது. அசை எட்டவே நிற்கிறது.

இதனால் விளங்குவது யாது? ஜப்பானியக் குறும்பாவின் ஐந்து, ஏழு, ஐந்து என்னும் அளவு தட்டின் அளவு. ஆங்கிலேயர் தம் மொழியில் தட்டை எண்ணும் வழக்கம் இல்லாமையால், தமக்குத் தெரிந்த ஒலிக்கூறாகிய 'சிலபிள்' என்னும் சொல்லால் அதனைக் குறித்தனர். தமிழர் அச்சொல்லை 'அசை' என மொழிபெயர்த்தனர். தமிழ் அசையோ ஒரு குறிலாலும் ஆகும். இரு குறில் இணைந்தும் ஆகும். குறில்நெடில் இணைந்து ஒற்றடுத்தும் ஆகும். ஒரு நிரையசை ஜப்பானியச் செவியில் நான்கு தட்டுவரை போகலாம். அவ்வாறிருக்க, பதினேழு அசை என்னும் இலக்கணம் ஜப்பானியத்துக்கும் பொருந்தவில்லை. தமிழ் யாப்பிலும் அதற்கு இடமில்லை. இருமுறை பெயர்த்து நட்ட செடி வேரின்றி நிற்கும் நிலை இது.

தமிழ் யாப்பிலே இதற்கு ஒருவாறு இணை காட்ட வேண்டுமாயின், எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையைக் காட்டலாம். நேரசை முதலாய அடிக்குப் பதினாறும் நிரையசை முதலாய அடிக்குப் பதினேழும் என எழுத்து எண்ணப்படும். ஆயினும் அங்கே ஒற்று எண்ணிலிருந்து நீக்கப்படும். குறிலும் நெடிலும் ஒன்றாகவே எண்ணப்படும். ஜப்பானியத்தில் ஒற்றும் எண் பெறும், நெடில் இரண்டாகும். ஒப்புமையும் வேற்றுமையும் இவ்வாறு தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடியவையாதலின், தமிழாசிரியர் ஒருவர் இதனைக் கால்மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

பாட்டின் பெயரையும் நோக்குதல் வேண்டும். ஜப்பானியத்தில் அது ஹ-இ-கு என மூன்று தட்டு. ஈற்றில் நிற்பது குற்றுகரம். 'ஹைக்கூ' எனத் தமிழில் எழுதி, எழுதியவாறே ஜப்பானிய முறையில் எண்ணினால் ஹ-இ-க்-கு-உ என ஐந்தாகிவிடும். வல்லொலியைக் காத்தற்குக் ககரத்தை இரட்டித்தது தமிழ் மரபின் கட்டாயம்; அதனைப் பொறுக்கலாம். ஈற்றை நீட்டியதற்கு ஆங்கிலேயர் பலுக்கிய முறையன்றி வேறு காரணம் காண்டற்கில்லை. அப்துல் ரகுமானின் 'பால்வீதி' (1974), அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' (1984) முதலிய நூல்களின் வழியே இப்பாவகை தமிழில் வேரூன்றிவிட்டது. அதன் தமிழ் வாழ்வுக்குத் தட்டு எண்ணிக்கை இன்றியமையாததன்று. மூன்று வரியும் செறிவும் போதும் எனக் கவிஞர் கொண்டது அவர் உரிமை. ஆனால் மூலத்தின் இலக்கணத்தைக் கூறப் புகும் திறனாய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை. பாசோவின் (1644 - 1694) பாட்டை விளக்குவோர் அப்பாட்டின் அளவைத் தவறாகக் கூறுதல் தகாது.

நெடில் குறில் வேறுபாடு யாப்பிற்கு மட்டும் உரியதன்று, பொருளுக்கும் உரியது. 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சிற்றன்னை. 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'கிதெ' என்றால் வந்து. 'கித்தெ' என்றால் அஞ்சல் தலை. கல் - கால், பதி - பத்தி என்று வேறுபடுத்திப் பழகிய நாவுக்கு இவை எளியவை. நெடிற்குறி இடாத உரோமன் எழுத்தில் தொடங்கியவர் பாட்டியை அத்தையாக்கிப் பலகாலம் இடர்ப்படுவர்.

குற்றியலுகரத்தின் நிழலையும் ஜப்பானியத்திற் காணலாம். 'தெஸு' முதலிய சொற்களின் ஈற்றுகரம் பேச்சிலே தேய்ந்து ஏறக்குறைய மறைகிறது. பிறமொழிச் சொல் மெய்யில் முடிந்தால் ஜப்பானியர் பெரும்பாலும் ஓர் உகரம் சேர்ப்பர். தமிழ்ப் பேச்சில் 'பஸ்ஸு' என வருவது அவர் வாயில் 'பஸு' என வரும். ஆயினும் தமிழிற் குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறையும். ஜப்பானியத்தில் ஒலி தேய்ந்தாலும் தட்டு முழுதாகவே எண்ணப்படும்.

தமிழ் எழுத்தின் குறை

இதுகாறும் கூறியவற்றால் தமிழ் எழுத்தே போதும் என முடிவு செய்தல் அவசரமாகும். அளவில் உதவும் தமிழ் எழுத்து, வல்லொலி மெல்லொலி வேறுபாட்டில் கைவிடுகிறது.

ஜப்பானியர் ககரத்தின் மேல் இரண்டு சிறு கோடுகள் இட்டு அதனை மெலிந்த ககரமாக்குவர். தமிழில் அவ்விரண்டிற்கும் ஓரெழுத்தே. இடத்தால் ஒலி வேறுபடும். சொல்லின் இடையில் தனித்து வரும் ககரம் மெலியும், இரட்டித்தால் வலிக்கும். ஜப்பானியத்தில் மூன்று நிலை உண்டு. வலிந்த ககரத்தோடு 'ககி' என்றால் ஒருவகைப் பழம். மெலிந்த ககரத்தோடு 'ககி' என்றால் திறவுகோல். இரட்டித்துக் 'கக்கி' என்றால் ஊக்கம். முதலிரண்டையும் தமிழில் ஒன்றாகவே எழுத வேண்டும். முதலதை வலிக்கச் செய்ய இரட்டித்தால் அது மூன்றாவதாகிவிடும். எழுவாய்க்கு உரிய உருபும் வினாவிற்கு உரிய இடைச்சொல்லும்கூடத் தமிழில் எழுதினால் இரண்டும் 'க' என்றே நிற்கும். மெல்லினத்தின் பின் வல்லினம் மெலிதல் தமிழ் நாவின் இயல்பு. 'கின்கோ' என்னும் வங்கியின் பெயரைத் தமிழர் தம் பழக்கத்தில் ஒலித்தால் இரண்டாவது ககரம் மெலிந்து சொல் சிதையும்.

தாப்பா என்னும் பெயரே இதற்கும் சான்று. மலாயில் அங்கே இரட்டைப் பகரம் இல்லை. தனிப் பகரம் மெலிந்துவிடும் என்பதால் தமிழர் இரட்டித்தனர். ஈப்போவும் அவ்வாறே. தமிழ் வடிவத்திற்கு ஐந்து தட்டுத் தந்த இரட்டிப்பு, மலாய் மூலத்தில் இல்லாதது. தமிழ் எழுத்து எதனைக் காக்கிறது, எதனை மாற்றுகிறது என்பதை இவ்வூர்ப் பெயர் ஒன்றே உணர்த்தும்.

ஆதலால் தமிழ் எழுத்து ஏணியாக இருத்தல் வேண்டும், தங்குமிடமாக இருத்தலாகாது. முதற்சில நாட்களில் வரிசையும் மாத்திரையும் அதன்வழி விளங்கியபின், மாணாக்கன் ஜப்பானிய எழுத்தையே நேராகப் படித்தல் நன்று. உரோமன் எழுத்தைப் பற்றிக் கூறிய குறை, தமிழ் எழுத்தையே பற்றிக்கொண்டு நிற்பவருக்கும் வேறொரு வகையிற் பொருந்தும்.

உருபும் துணைவினையும்

எழுத்திலிருந்து தொடருக்குச் செல்லும்போது, வகுப்பறையில் வழங்கும் மலாயும் ஆங்கிலமும் மாணாக்கனைத் தலைகீழாக நடக்கச் செய்கின்றன. 'நேற்று வாங்கிய நூல்' என்பதை ஜப்பானியர் 'கினோ கத்த ஹொன்' என்பர். நேற்று, வாங்கிய, நூல் எனச் சொல்லுக்குச் சொல் அதே வரிசை. மலாயிலும் ஆங்கிலத்திலும் நூல் முன்னே வரும். வாங்கியதும் நேற்றும் பின்னே வரும். தமிழ் மாணாக்கன் தமிழிலிருந்து அம்மொழிகட்குத் திருப்பி, மறுபடியும் ஜப்பானியத்துக்குத் திருப்புகிறான். பெயரெச்சம் என்னும் ஒரு சொல் இவ்விரட்டை உழைப்பை நீக்கிவிடும்.

வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னே நிற்கின்றன. ஐகாரத்தின் இடத்தில் 'ஒ'. குவ்வின் இடத்தில் 'நி'. இருந்து என்பதன் இடத்தில் 'கர'. உடைய என்பதன் இடத்தில் 'நொ'. 'மொ' என்பது உம்மை. அது எச்சவும்மையாகவும் வரும். இரண்டு பெயரின் பின்னும் நின்று எண்ணும்மையாகவும் வரும். வினாச்சொல்லோடு சேர்ந்து முற்றும்மையாகவும் வரும். உம்மைத் தொடரை வகைப்படுத்தத் தெரிந்த மாணாக்கன் இங்கே புதிதாகக் கற்க வேண்டியது ஓரெழுத்தே.

சுட்டும் அவ்வாறே. 'கொரெ' பேசுவோன் அருகில் உள்ளது; 'சொரெ' கேட்போன் அருகில் உள்ளது; 'அரெ' இருவர்க்கும் சேய்மையில் உள்ளது; 'தொரெ' வினா. இது, உது, அது, எது என்னும் நான்கும் நினைவுக்கு வருதல் இயல்பு. உகரச் சுட்டு பேச்சில் அருகியதால் மலாயாவிற் பலருக்கு அது ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தார் வழக்கில் கேட்போன் பக்கத்துள்ளதைக் குறிக்க அது இன்றும் வாழ்கிறது. இரயில்வேப் பணிக்கும் எழுத்தர் பணிக்குமாக மலாயா வந்த யாழ்ப்பாணத்தார் வழியில் வந்த வீடுகளில் 'உது' என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'சொரெ' விளங்குதற்கு நொடிப்பொழுது போதும்.

மிக நுட்பமான ஒப்புமை துணைவினையில் உள்ளது. 'தபெதெ மிரு' என்றால் உண்டு பார். 'மிரு' என்பதன் நேர்பொருளும் பார்த்தலே. 'கஇதெ ஒகு' என்றால் எழுதி வை. 'ஒகு' என்பது வைத்தல். 'மொத்தெ குரு' கொண்டு வா. 'மொத்தெ இகு' கொண்டு போ. இவற்றை ஆங்கிலத்தில் விளக்கப் புகுவோர் ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுத வேண்டும். தமிழில் ஒரு தொடரைச் சொன்னால் போதும்.

ஆயினும் தமிழால் தெளியாத இடமும் உண்டு. 'வ' என்னும் இடைச்சொல் பேசுபொருளைக் குறிக்கும். 'க' என்பது எழுவாயைக் குறிக்கும். இவ்விரண்டில் எது எங்கே வரும் என்பதற்குத் தமிழில் நேரான அளவுகோல் இல்லை. முதல் வேற்றுமைக்கு உருபில்லை என்று கற்ற மாணாக்கன் இங்கே திகைப்பான். ஜப்பானிய வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இல்லை. எழுவாய் மறைந்தால் விகுதியைப் பார்த்து அறியும் பழக்கம் இங்கே உதவாது. சூழலையும் மரியாதைச் சொற்களையும் கொண்டே அறிதல் வேண்டும்.

ஒரு குறி, இரு சொல்

கற்போரைப் பெரிதும் அஞ்சச் செய்வது கஞ்ஜி. ஜப்பானில் தொடக்கப்பள்ளி ஆறாண்டில் 1026 எழுத்தும், பொதுவழக்குக்கென அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்தும் உள்ளன. ஓரெழுத்துக்குச் சீனவழி ஒலியும் நாட்டுச் சொல்லும் என இருவகைப் படிப்பு உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்துத் தனித்து நின்றால் 'யம'. புகழ்பெற்ற ஃபுஜி மலையின் பெயரில் 'சன்'.

இம்முறையும் தமிழர்க்கு முற்றும் புதிதன்று. பழைய ஆவணங்களில் ௵ என்னும் குறியைக் கண்டவர் ஆண்டு என்றும் படித்தனர். வருடம் என்றும் படித்தனர். குறி பொருளைத் தந்தது. சொல்லைப் படிப்போர் தந்தனர். 3 என்னும் எண்ணைத் தனியே மூன்று என்றும், '3 பேர்' என எழுதியதை வாய்மொழியில் மூவர் என்றும் கூறுவதும் இவ்வகையே. கஞ்ஜி இதே வழியின் மிகப் பரந்த வளர்ச்சி.

ஜப்பானியர் சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. ஏட்டுச்சுவடி படித்தோர் சந்தித்த இடரும் இதுவே; அங்கே புள்ளியும் இல்லை. ஜப்பானியத்தில் ஓர் உதவி உண்டு. சொல்லின் பகுதி பெரும்பாலும் கஞ்ஜியாலும், அதனைத் தொடரும் இடைநிலை, விகுதி, உருபு ஆகியவை ஹிரகனவாலும் எழுதப்படும். பகுபத உறுப்பிலக்கணம் தாளின்மீது இருநிறத்தில் தீட்டப்பட்டாற்போல் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் ஆயிரக்கணக்கான வடிவை நெஞ்சில் இருத்தும் உழைப்பிலிருந்து எந்த இலக்கணமும் விடுதலை தராது. அங்கே தமிழ் மாணாக்கனும் பிற மாணாக்கரும் ஒரே ஏற்றத்தில் நடப்பவரே.

உறவு வேறு, ஒப்புமை வேறு

இத்துணை ஒப்புமையைக் கண்டவர் இரு மொழியும் ஒரு தாய் மக்களோ என ஐயுறுவர். ஜப்பானிய அறிஞர் ஓனொ சுசுமு (1919 - 2008) 1980ஆம் ஆண்டையொட்டி அக்கருத்தை வலியுறுத்தத் தொடங்கினார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அவ்வாய்வில் ஈடுபட்டனர். சங்கப் பாட்டையும் பழைய ஜப்பானியத் தொகையாகிய 'மன்யோஷூ'வையும் ஒருங்கு வைத்து நோக்கும் நல்வழி அதனால் திறந்தது. ஆனால் இனவுறவு பற்றிய முடிவை ஒப்பியல் மொழிநூலாரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவை நாட்டுதற்கு ஒழுங்கான ஒலி மாற்றங்கள் அடிப்படைச் சொற்களிலே தொடர்ந்து காணப்பட வேண்டும். வினை இறுதியில் வருதலும் உருபு பின்னே வருதலும் கொரிய மொழியிலும், மங்கோலியத்திலும், துருக்கியிலும் உள்ளன.

உறவு நாட்டப்படாமையால் ஒப்புமையின் பயன் குறைந்துவிடவில்லை. மாணாக்கனுக்கு வேண்டுவது வழி, குலமுறை அன்று. தமிழ் ஜப்பானியத்தின் தாய் என்று மேடையிற் கூறி மகிழ்வோர், அம்மொழியின் நாற்பத்தாறு எழுத்தையேனும் படித்தனரா என வினவலாம். அவ்வெழுத்தைப் படித்த சிறுவன் ஒருவன் அப்பெருமை பேசுவோரினும் ஜப்பானியத்துக்கு அணியன்.

தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாண்டோடு முடிந்துபோகும் ஒன்று, அதன்பின் அதனால் ஆவதொன்றில்லை என்னும் எண்ணம் பெற்றோர் சிலரிடம் உண்டு. எழுத்ததிகாரத்தின் மாத்திரைக் கணக்கைத் தேர்வுக்குரிய சுமையாகக் கருதும் மாணாக்கரும் உளர். தொலைநாட்டு மொழி ஒன்றின் வாயிலில் அக்கணக்கே திறவுகோலாக நிற்பதைக் காட்ட ஆசிரியர்க்கு நெடிய ஆயத்தம் வேண்டுவதில்லை. பலகையில் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என எழுதலாம். தாப்பா, ஈப்போ என ஊர்ப்பெயரைச் சொல்லிக் கைதட்டி எண்ணச் செய்யலாம். இரண்டு என்பான் ஒருவன். நாலரை என்பான் ஒருவன். ஐந்து என்பான் ஒருவன். மூவர் கணக்கும் எம்முறையால் வந்தன என்று மாணாக்கர் ஆராயத் தொடங்கினால், ஜப்பானியப் பாடத்தோடு தமிழிலக்கணப் பாடமும் அங்கே நடைபெறும்.